வில் கீழே வரும் வரை

அத்தியாயம் 17

காலையிலேயே மேஜரம்மா களத்தில் இறங்கிவிட்டாள்.

பட்டாளத்தில் இருந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். இவள் முறைத்தால் கத்திரிக்கோல்கூட நேராக நிற்கும் என்று அப்பா கிண்டலடித்து வைத்த பெயர் அது, அப்படியே ஒட்டிக்கொண்டது. சமீபத்தில்தான் தலைமை நர்ஸ் பதவி கிடைத்திருந்தது. அதைக் கொண்டாட இன்று சாயங்காலம் வீட்டில் விருந்து. தன் விருந்துக்குத் தானே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாராவது போட்டால் கோணலாக இருக்குமாம்.

"வர்றவங்க உக்காரத்தானே நாற்காலி? என்னமோ அளவெடுத்துப் போடறியே" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்க காலை மடக்குங்கப்பா. அது நடக்கிற வழி."

வெளியில்தான் இந்த அதட்டலும் உருட்டலும். உள்ளுக்குள் அவளுக்கு ஒரே கவலை. தம்பி நாளைக் காலையில் வேறொரு வீட்டுச் சாவியை வாங்கப் போகிறான். அவனும் அவன் மனைவியும் இந்த வீட்டு மாடியைக் காலி செய்துவிட்டுப் போகப் போகிறார்கள். அதைத் தடுக்க அவளுக்கு இருப்பது இன்று ஒரு சாயங்காலம்தான்.

தம்பி மனைவிக்கு நாடக அரங்கத்தில் செல்லோ வாசிக்கிற வேலை. செல்லோ தெரியாதவர்களுக்கு: வயலினுக்குப் பெரியண்ணன். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பெரியண்ணன். முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் இழுத்து வாசிக்க வேண்டும். காரில் போனால் அதற்கென்று ஒரு சீட் விட வேண்டும். செல்லோ வாசிக்கிற மருமகளுக்குச் 'செல்லம்' என்று பெயர் வைத்தவரும் அப்பாதான். ஓய்வுபெற்ற பிறகு அவருக்குப் பெயர் வைப்பதே வேலையாகிவிட்டது.

போன மாதம் அப்பாவின் பிறந்தநாள். "ஏதாவது வாசிம்மா" என்று அம்மாதான் கேட்டாள். செல்லமும் ஆசையாகத்தான் வாசித்தாள். ஆனால் கேட்டது யார்? "சத்தத்தைக் குறைக்கிற பட்டன் எங்கம்மா இருக்கு?" என்றார் சித்தப்பா. எதிர்வீட்டு வக்கீல் தான் ஜெயித்த கேஸை, இசையையும் தாண்டிக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார். நடுவில் இசை ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான், அம்மா எழுந்துவிட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, போதும். சூப் ஆறுது, எல்லாரும் வாங்க!"

படபடவென்று கைதட்டல். செல்லத்தின் வில் அந்தரத்தில் நின்றது. பாதிதான் வாசித்திருந்தாள். ஒரு சிரிப்புச் சிரித்தாள், பெட்டியை மூடினாள், சூப்பைக் குடித்தாள், மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து மாடியில் செல்லோ சத்தமே இல்லை.

நேற்றுதான் தம்பி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "அவளுக்கு மனசு விட்டுப்போச்சுக்கா. இந்த வீட்ல இனிமே இருக்கவே முடியாதுங்கறா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். வீடு பாத்தாச்சு, விருந்து முடிஞ்ச மறுநாள் சாவி. அம்மாகிட்ட இப்ப சொல்லாதே. அவகிட்டயும் இந்தப் பேச்சை எடுக்காதே, அழுதுடுவா."

 மேஜரம்மாவின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலோடு போய்விடும், அதனால் அவள் பிறந்த வீட்டோடுதான் இருந்தாள். டியூட்டி முடிந்து கால் கடுக்க வீட்டுக்கு வருகிறவளுக்கு டீ போட்டு வைத்துக்கொண்டு, "இன்னிக்கு யாரைத் திட்டினீங்க அக்கா?" என்று கேட்கிற ஒரே ஜீவன் செல்லம்தான். கூடப்பிறந்த தங்கை இருந்தால்கூட இப்படி இருந்திருக்க மாட்டாள். அவள் போய்விட்டால் டீயை யாரோடு குடிப்பது, யாரைத் திட்டினேன் என்று யாரிடம் சொல்வது?

ஆனால் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகமில்லை அவள். இசையால் வந்த வினையை இசையாலேயே தீர்த்துவிடலாம். அந்தப் பெண்ணை இந்த வீடு ஒரே ஒரு தடவை ஒழுங்காக உட்கார்ந்து கேட்டால் போதும், மனசு மாறிவிடுவாள். கேட்க வைப்பது என் பொறுப்பு என்று முடிவு கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

செல்லம் தரையில் உட்கார்ந்து கம்பியில் வழுக்காமலிருக்க வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்லம், சாயங்காலம் நீ வாசிக்கணும்."

செல்லம் சட்டென்று நிமிர்ந்தாள். "நிஜமாவா அக்கா? கேப்பீங்களா மாட்டீங்களான்னு நினைச்சுட்டே இருந்தேன்."

"இதோ கேட்டாச்சு. நீ வாசிக்கலைன்னா நான் கேக் வெட்ட மாட்டேன். வந்தவங்க எல்லாம் கேக்கைப் பாத்துட்டே வீட்டுக்குப் போகட்டும்."

செல்லம் சிரித்தாள். "வாசிக்கறேன். ஆனா எந்த மாதிரின்னு முதல்லயே சொல்லிடுங்க. நீங்கல்லாம் பேசிட்டு, சாப்பிட்டுட்டு இருப்பீங்க, நான் ஓரமா வாசிச்சுட்டே இருக்கணுமா? இல்ல, உக்காந்து கேக்கப் போறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஐயோ, இல்லக்கா. ஹோட்டல்ல சாப்பிடறவங்களுக்கு நடுவுல எத்தனையோ நாள் வாசிச்சிருக்கேன். அதுவும் நல்ல வேலைதான். அங்க யார் பேசினாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்குத் தகுந்த மாதிரிதான் வாசிப்பேன். ஆனா, 'எங்களுக்காக வாசி'ன்னு கூப்பிட்டு உக்கார வெச்சுட்டு அப்புறம் கதை பேசினா, பேசிட்டிருக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கிட்ட மாதிரி இருக்கும். எதுன்னு சொல்லிட்டா போதும், நான் அதுக்குத் தயாரா வருவேன்."

இதில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஜாக்கெட்டுக்கு அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். தம்பி சொன்னதை வைத்துப் பார்த்தால் இந்நேரம் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியிருக்க வேண்டும். எவ்வளவு அடக்கமாக மனசுக்குள் வைத்துக்கொள்கிறாள் என்று மேஜரம்மா உருகிப்போனாள்.

"உக்காந்து கேக்கறோம். எல்லாரும். இது என் உத்தரவு" என்றாள்.

"அப்ப கைப்பிடி இல்லாத நாற்காலி ஒண்ணு வேணும், கை இடிக்கும். காலுக்குக் கீழ விரிப்பு போடணும், செல்லோவோட அடிக் கம்பி தரையில வழுக்கும். சமையலறைக் கதவுகிட்ட மட்டும் உக்கார வெச்சுடாதீங்க. சினிமாப் பாட்டு வேணும்னா தாராளமா கேக்கலாம், ஆனா முடிஞ்சப்புறம் கேக்கட்டும். நடுவுல பேச்சுக் குரல் வந்தா நான் நிறுத்திடுவேன். கோவத்துல இல்லக்கா, அவங்க பேசி முடிக்கட்டுமேன்னு."

"சரி, ஒரு சந்தேகம். அன்னிக்கு நடுவுல நீயா நிறுத்தினியே? முடிஞ்சுதுன்னுதானே எல்லாரும் தட்டினாங்க? எப்பதான் தட்டறது?"

"அது நிறுத்தம்தான், முடிவு இல்ல. அதுல அந்த மாதிரி நிறுத்தம் நிறைய வரும். வில்லைப் பாருங்க. மேல நின்னா இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம். கீழ வந்துட்டா முடிஞ்சுது."

வில் மேலே, பாக்கி. வில் கீழே, முடிந்தது. இவ்வளவுதானே? தியேட்டரில் இதைவிடச் சிக்கலானதையெல்லாம் பார்த்தவள் மேஜரம்மா. படியிறங்கும்போதே பாதி ஜெயித்துவிட்ட மிதப்பு வந்துவிட்டது.

மதியம் பயிற்சி. முதல் மாணவி அம்மா.

"என் வீட்ல நான் பேசக் கூடாதா?" என்று எகிறினாள் அம்மா.

"பேசலாம்மா. வாசிச்சு முடிச்சதும் ஆசை தீரப் பேசு."

"தும்மல் வந்தா?"

"தும்மிக்கோ. ஆனா தும்மிட்டு அதைப் பத்திப் பேசாதே."

"சூப் ஆறுமே?"

"ஆறட்டும். சுட வைக்க அடுப்பு இருக்கு. வாசிச்சிட்டிருக்கறதைப் பாதியில நிறுத்தினா அதைத் திரும்பச் சுட வைக்க முடியுமா?"

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் காது கொடுத்துக் கேட்டாள். அப்பா மட்டும் கையை உயர்த்தி, "மேஜர், கைதட்ட அனுமதி எப்போ?" என்றார்.

"அவ வில்லைக் கீழ வெச்சதும். அதுக்கு முன்னாடி யாராவது ஒரு தட்டுத் தட்டினீங்க, கேக் கிடையாது."

சித்தப்பாவுக்கும் வக்கீலுக்கும் தொலைபேசியில் இதே பாடம். "கீழ வெச்சாதான் சார், நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, கீழ!" வக்கீல் ஏதோ வாதம் ஆரம்பித்தார். அவருடைய வாதத்தை நீதிபதி கேட்கலாம், மேஜரம்மா கேட்பாளா? போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கூடம் நிறைந்தது. மருத்துவமனைப் பட்டாளம், சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார். வாசலிலேயே மேஜரம்மா ஒரு தட்டை நீட்டினாள். வந்தவர்கள் அலைபேசியை அணைத்து அதில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். பெரிய டாக்டர்கூட மறுபேச்சு இல்லாமல் வைத்தார்.

"தியேட்டர்லதான் என் வாயை மூட வைப்பாங்க, வீட்லயுமா?" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். மேஜரம்மா திரும்பிப் பார்த்தாள். டாக்டர் நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

செல்லம் இறங்கி வந்தாள். கைப்பிடி இல்லாத நாற்காலி, காலடியில் விரிப்பு, சமையலறைக்கு எதிர்ப்பக்கச் சுவர் ஓரம். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜரம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். கதவருகே தம்பி சாய்ந்து நின்றான். முகத்தில் சுரத்தே இல்லை. நாளைக்கு வீட்டை விட்டுப் போகிற கவலை பாவம், என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

செல்லம் தொடங்கினாள்.

முதல் இழுப்பிலேயே கூடம் அடங்கிவிட்டது. தரையிலிருந்து கிளம்பி நாற்காலிக் கால் வழியாக முதுகில் ஏறுகிற மாதிரி ஒரு கனத்த நாதம். போன மாதமும் இதே வீட்டில், இதே செல்லோவில் இதையேதான் வாசித்தாள். அன்று இப்படி இருந்ததா? அன்று காதில் விழுந்ததெல்லாம் சூப்பும் கேஸும்தான். மேஜரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நல்ல பொருளை மாடியில் வைத்துக்கொண்டு கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தோமே!

முதல் நிறுத்தம் வந்தது. வில் மேலே நின்றது. அம்மாவின் வாய் தானாகத் திறந்தது. மேஜரம்மா ஒரு பார்வை பார்த்தாள். அம்மா அவசரமாகக் கொட்டாவி மாதிரி ஆக்கிச் சமாளித்து வாயை மூடினாள். இசை தொடர்ந்தது.

இரண்டாவது நிறுத்தத்தில் சித்தப்பாவின் கைகள் ஒன்றையொன்று நெருங்கின. அப்பா எட்டி ஒரு கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் விடவே இல்லை. இரண்டு கிழங்களும் கைகோத்தபடியே மீதியைக் கேட்டார்கள்.

கடைசியில் அந்த நாதம் மெலிந்து, இன்னும் மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்துக்குப் போய் நின்றது. செல்லம் கண்ணை மூடியிருந்தாள். வில்லை மெல்ல இறக்கித் தன் முழங்காலில் வைத்தாள். கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு கைகூடத் தட்டவில்லை.

 அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜரம்மாவும்தான். வில் முழங்காலில் இருக்கிறதே? கீழே வைக்கவில்லையே? அப்படியானால் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து தையல் ஊசி தட்டில் விழுகிற சத்தம் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போகாதவள் அவள். யாராவது அவசரப்பட்டுவிடப் போகிறார்களே என்று கையைப் பரப்பிக் கூட்டத்தை அடக்கி வேறு வைத்திருந்தாள்.

செல்லத்தின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. காது மடல் சிவந்தது. அவள் பார்வை ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போனது. எல்லா முகமும் தரையில். மேஜரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஆயிற்று? மறந்துவிட்டாளா? யாராவது பேசிவிட்டார்களா?

"அக்கா" என்றாள் செல்லம் ஈனஸ்வரத்தில். "முடிஞ்சுடுச்சுக்கா."

"எங்கடீ முடிஞ்சுது? வில்லை இன்னும் கீழ வைக்கலியே நீ!"

"கீழயா?" செல்லம் முழங்காலைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தரையையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தலைகளையும் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு விளங்கியது. "தரையிலயா? ஐயோ அக்கா, வில்லைக் கொண்டுபோய் யாராவது தரையில வைப்பாங்களா? மிதிச்சா என்ன ஆகறது! கீழ இறங்கினா போதும்னுதானே சொன்னேன்!"

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது அவளுக்கு. செல்லோவைக் கட்டிக்கொண்டு, அதன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். பெரிய டாக்டர் வெடித்துச் சிரித்தார். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதோடு சேர்ந்து கைதட்டல் எழுந்தது பாருங்கள், அடக்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாகக் கொட்டிய மாதிரி. வக்கீல் எழுந்து நின்று தட்டினார். அசடு வழிய நின்ற மேஜரம்மாதான் எல்லாரையும்விட உரக்கத் தட்டினாள்.

அம்மா மட்டும் தட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுடுச்சா? அதுக்குள்ளயா?" என்றாள்.

செல்லத்தின் சிரிப்பு நின்றது. மாமியாரையே பார்த்தாள். "இன்னொண்ணு வாசிக்கட்டுமா அத்தை?"

"மெதுவா வாசிம்மா. முதல்ல ஏதாவது சாப்பிடு. களைச்சுப்போயிருப்பே." அவளே எழுந்து போய்த் தட்டில் எடுத்து வைத்தாள். அதை வாங்கிக்கொண்டு வந்து செல்லத்திடம் கொடுத்தது மேஜரம்மா.

கூடம் மறுபடி கலகலத்தது. கேக் வெட்டியாயிற்று. சித்தப்பா தட்டும் கையுமாக வக்கீலிடம் செல்லோவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எல்லாம் இன்று மதியம் தெரிந்துகொண்ட விஷயம்! சுவரோரமாகச் செல்லத்தின் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் மேஜரம்மா. ஜெயித்தாயிற்று. இனி அந்தப் பேச்சை எடுத்தால் என்ன? அழுதாலும் ஆனந்தக் கண்ணீராகத்தானே இருக்கும்.

"இப்ப சொல்லு. நாளைக்கு அந்தச் சாவியை வாங்க வேண்டாம்னு நீயே அவன்கிட்ட சொல்லிடறியா, நான் சொல்லட்டுமா?"

"என்ன சாவி அக்கா?" என்றாள் செல்லம், கேக்கை மென்றபடி.

"எனக்குத் தெரியும்டா. அவன் சொல்லிட்டான். உன் மேல எனக்கு வருத்தமே இல்ல. அன்னிக்கு நடந்ததுக்கு யாரா இருந்தாலும் தனியாப் போகலாம்னுதான் நினைப்பாங்க."

செல்லம் மெல்லுவதை நிறுத்தினாள். "யாரு தனியாப் போறாங்க?"

"நீங்க ரெண்டு பேரும்தான். வேற வீடு பாத்திருக்கீங்கல்ல?"

"எந்த வீடு?"

நடிக்கிற முகமா இது? மயக்க மருந்துக்கு முன்னால் எத்தனையோ முகங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் மேஜரம்மா. இது உண்மையிலேயே ஒன்றும் தெரியாத முகம்.

"அப்ப, மனசு விட்டுப்போச்சு, இந்த வீட்ல இருக்க முடியாதுன்னு நீ சொல்லவே இல்லையா?"

"நானா? அன்னிக்குக் கொஞ்சம் சப்புன்னு போச்சு, அவ்வளவுதான். அதுக்கு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா?"

"ஒரு மாசமா மாடியில செல்லோ சத்தமே இல்லையேடா?"

"அத்தைக்கு ஓயாம தலைவலி, சத்தமே ஆகலை, கொஞ்ச நாளைக்கு வீட்ல வாசிக்காதேன்னு அவர்தானே சொன்னார்? நான் அரங்கத்துலயே வாசிச்சுப் பாத்துட்டு வந்துடறேன்."

அம்மாவுக்காவது, தலைவலியாவது! அம்மா பிறத்தியாருக்குத் தலைவலி கொடுத்துத்தான் பழக்கம். அவளுக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

 இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் திரும்பினார்கள். தம்பி அங்கே யாரோ கை கொடுக்க, "என் வொய்ஃபாச்சே!" என்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தான். அக்காவும் மனைவியும் சேர்ந்தாற்போல் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தான். சிரித்த வாய் அப்படியே நின்றது.

  எல்லாம் தெரிந்தவள் மாதிரி நாற்காலி போட்டு, விரிப்புப் போட்டு, ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தோமே. தம்பி சொன்ன ஒரு வார்த்தையை, அது நிஜமா என்று இந்தப் பெண்ணிடம் கேட்கத் தோன்றவில்லையே! மேஜரம்மா விருட்டென்று எழுந்தாள்.

செல்லம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி கெட்டியாக இருந்தது.

"நீங்க உக்காருங்க அக்கா. நான் கேட்டுக்கறேன்."

தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். நிதானமாகத்தான் நடந்தாள். அவள் எழுந்து வருவதை அந்தப் பக்கமிருந்து முதலில் பார்த்தது அம்மா. முகமெல்லாம் பூரிப்போடு அம்மா இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஷ்ஷ்! யாரும் பேசாதீங்க! என் மருமக இன்னொண்ணு வாசிக்கப் போறா!"

நன்றாகப் பழகிய கூட்டம் அல்லவா? ஒரு நொடியில் அடங்கிவிட்டது. வக்கீல் பாதி வாக்கியத்தில் வாயை மூடினார். சித்தப்பா தட்டைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தார். தொண்டையைச் செருமக்கூட ஆளில்லை.

செல்லம் தன் கணவன் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. அந்த நிசப்தத்தில் உயர்த்த வேண்டிய அவசியமும் இல்லை.

"நாளைக்கு ஒரு வீட்டுச் சாவி வாங்கப் போறீங்களாமே. அந்த வீடு யாருக்கு?"